பெல் அடித்தால் துண்டு தேடுகிறோமே, ஏன்? (நைட்டி, கைலி, தொளதொள டி-ஷர்ட்)

கேள்வி: 13 அக்டோபர் 2024, மாலை 5.10

தீபாவளிக்குத் துணி எடுக்க நேற்று போனோம். மூன்று மாடிக் கடை. மூன்று மாடியிலும் தொளதொளவென்று டி-ஷர்ட், நாடா வைத்த ட்ராக் பேண்ட். பையனுக்கு 17 வயது. அவன் எடுத்த டி-ஷர்ட்டின் தோள் தையல் பாதிக் கைக்கு இறங்கித் தொங்குகிறது. அளவு சரியில்லையே என்றால், "அப்பா, அதுதான் ட்ரெண்ட்" என்கிறான். வீட்டில் போட்டுக்கொண்டு கிடக்கிற துணியோடு வெளியே கிளம்பினால் அது ஃபேஷனா? சோம்பேறித்தனத்துக்கு நல்ல பெயர் ஒன்று வைத்துவிட்டார்கள் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

13 அக்டோபர், இரவு 9.50

மறுக்கிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 11 வருஷம் செக்கிங்கில், அதாவது தைத்த பீஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற பிரிவில் இருந்தேன். இப்போது வீட்டிலேயே இரண்டு மெஷின் போட்டு நைட்டி தைத்துக் கொடுக்கிறேன். நீங்கள் சோம்பேறித்தனம் என்கிற துணியில்தான் என் சோறு. நடுநிலையெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம்.

விஷயம் துணியில் இருக்கிறது. சட்டைத் துணி தறியில் நெய்தது. பாவு நீளவாக்கில், ஊடை குறுக்கே. இரண்டும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு விறைப்பாக நிற்கும், இழுத்தால் வராது. அதனால்தான் சட்டைக்குத் தோள், கைக்குழி, மார்பு, கழுத்து என்று அங்குலம் அங்குலமாக அளவெடுக்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பிசகினாலும் கையைத் தூக்கும்போது அக்குளில் பிடிக்கும். பனியன் துணி பின்னியது. நூல் வளையம் வளையமாக ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு ஓடும். கையைத் தூக்கினால் வளையம் நீளும், இறக்கினால் பழையபடி சுருங்கும். ஸ்வெட்டர் பின்னிப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அதிலேயே 5 சதவீதம் லைக்ரா சேர்த்தால் லெகிங்ஸ். அந்த இழையை அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியின் ஜோசப் ஷிவர்ஸ் 1958-ல் கண்டுபிடித்தார்.

ஒரு சாதாரண டி-ஷர்ட் 280 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 280 கிராம். அவ்வளவு லேசான துணி, உடம்போடு நகர்கிறது, இஸ்திரி வேண்டாம். வேறு என்ன காரணம் வேண்டும்?

13 அக்டோபர், இரவு 10.25

180. மேலே 280 என்று அடித்துவிட்டேன். 280 ஜி.எஸ்.எம். துணியை நம் ஊர் வெயிலில் போட்டால் ஆள் அவிந்துபோவார்.

உங்கள் பையன் எடுத்த ரகம் 220, 240 இருக்கும். கனம் இருந்தால்தான் அந்தத் தொளதொளப்பு விழுந்து நிற்கும். மெல்லிசாக இருந்தால் அண்ணன் சட்டையைத் தம்பி போட்ட மாதிரி தெரியும்.

14 அக்டோபர், மதியம் 2.15

ஒருவர் தனிச்செய்தியில் ஒரே ஒரு வரி கேட்டிருந்தார்: "நீங்கள் தைக்கிற நைட்டித் துணி பின்னியதா, நெய்ததா?"

மாட்டிக்கொண்டேன். நெய்தது. பனியன் துணியிலும் நைட்டி உண்டு, ஆனால் அதிகம் போவது காட்டன்தான். எனக்கு வருகிற துணியில் பாதி குஜராத்தின் ஜெட்பூரில் பிரிண்ட் போட்டது. இழுத்தால் ஒரு நூல் கூட நீளாது. அப்படியும் அதைவிடச் சௌகரியமான துணி வீட்டில் எதுவும் இல்லை. ஆக, வளையம், நீள்வது, சுருங்குவது என்று நேற்று நான் அடித்துவிட்டதெல்லாம் பாதிக் கதை.

நைட்டியில் சௌகரியம் எங்கே இருக்கிறது? எங்கேயும் கட்டாமல் இருப்பதில். தோளில் தொங்குகிறது, அப்புறம் கணுக்கால் வரைக்கும் எதையும் பிடிக்கவில்லை. புடவை கட்டுகிற பெண்களின் இடுப்பில் பாவாடை நாடா போட்ட கறுப்புத் தடம் இருக்கும். 40 வருஷம் தினமும் அதே இடத்தில் இறுக்கினால் தோல் என்ன செய்யும்? என் மாமியாருக்கு அந்தத் தடம் கையால் தொட்டால் தெரியும்.

அத்தை கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் கல்யாணமாகி வந்தபோது நைட்டியோடு சமையலறைக்குள் போனேன். "ஏன் அம்மணி, பாவாடையைக் கழுத்து வரைக்கும் ஏத்திக் கட்டியிருக்கியா?" என்றார். அவ்வளவுதான், அடுத்த நாளிலிருந்து நான் சுடிதார். 2016-ல் குளியலறையில் வழுக்கி விழுந்து அவருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு ஆறு வாரம். ஒரு கையால் கொசுவம் வைக்க முடியாது, நாடா கட்ட முடியாது, ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியாது. நானே ஒரு நைட்டி தைத்து, வலது கையை மட்டும் அகலமாக வெட்டிப் போட்டுவிட்டேன். முதல் இரண்டு நாள் அறையை விட்டு வரவில்லை. மூன்றாம் நாள் திண்ணைக்கு வந்தார், மேலே ஒரு சென்னிமலைத் துண்டு. கட்டுப் பிரித்த அன்று நைட்டியையும் மாற்றுவார் என்று நினைத்தேன். மாற்றவில்லை. புடவை பீரோவுக்குப் போனது, கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மட்டும் வெளியே வரும்.

துண்டு மட்டும் எட்டு வருஷமாகப் போகவில்லை. பெல் அடித்தால் அவர் முதலில் தேடுவது கதவை இல்லை, துண்டை.

இத்தனைக்கும் அந்தத் துண்டு புதிதாக எதையும் மறைக்கவில்லை. நைட்டி கழுத்திலிருந்து கால் வரை மூடியிருக்கிறது. புடவையில் இடுப்பு தெரியும், முதுகு தெரியும், அதற்குத் துண்டு கேட்பவர் யாரும் இல்லை. அப்புறம் துண்டு எதற்கு? யோசித்துவிட்டு வருகிறேன்.

14 அக்டோபர், இரவு 8.40

யோசிக்கவில்லை, எண்ணிப் பார்த்தேன். இன்று ஒரு நாளில் எங்கள் வீட்டில்:

சிலிண்டர் போடுகிறவர் வந்தார், துண்டு. கீரைக்கார அம்மா வந்தார், துண்டு இல்லை. அடுத்த வீட்டு அக்கா, துண்டு இல்லை. அடுத்த வீட்டு அக்காவின் மாப்பிள்ளை, துண்டு. கூரியர் பையன், துண்டு கிடைக்கவில்லை, கதவு இடுக்கு வழியாகக் கை மட்டும் போனது.

பூனை வந்ததற்கும் ஒரு தடவை துண்டை எடுத்தார். பூனை என்று தெரியாமல்.

16 அக்டோபர், காலை 6.30

துண்டுக்கு முன்னால் அந்தத் தோள் தையலை முடித்துவிடுகிறேன். இரண்டு நாளாக மனசில் கிடக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் இருக்கும். ஐரோப்பாவிலிருந்து ஒரு ஆர்டர், எங்கள் கம்பெனிக்கு வந்த முதல் ட்ராப் ஷோல்டர். தோள் தையல் தோளில் நிற்காமல் கையில் இறங்கி வருகிற வெட்டு. பவர்டேபிளில், அதாவது மோட்டார் தையல் மெஷின்கள் வரிசையாக இருக்கிற மேஜையில், ஒரு டெய்லர் அண்ணன், 20 வருஷம் மெஷினில் உட்கார்ந்தவர். கட்டிங் தப்பாக வந்திருக்கிறது, பாவம் என்று நினைத்து அவராகவே தோளை ஒட்ட வெட்டி, கையை மேலே ஏற்றி, 60 பீஸ் தைத்துவிட்டார். சுத்தமான வேலை, ஒரு தையல் பிசிறு இல்லை. செக்கிங் மேஜையில் டேப் வைத்தால் அறுபதும் ஃபெயில். அவரைக் கூப்பிட்டு மேனேஜர் சத்தம் போட்டார். அண்ணன் அசரவில்லை. "தோளு எங்கிருக்குதுன்னே தெரியாதவனுக்கு எதுக்குங்க சட்டை?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்த அறுபதும் பிறகு எங்கள் ஊர்க் காதர்பேட்டையில், கம்பெனி ஒதுக்கிய பீஸ் விற்கிற செகண்ட்ஸ் கடையில் நல்ல விலைக்குப் போனதாம். நம் ஆட்கள் "ஃபிட்டிங் சூப்பர்" என்று வாங்கியிருப்பார்கள்.

சொல்ல வந்தது, தொளதொளப்புக்கும் அளவு உண்டு. தோள் எவ்வளவு இறங்க வேண்டும், கை எத்தனை அங்குலம் அகலம், கழுத்தைச் சுற்றி வருகிற ரிப் பட்டை எவ்வளவு, எல்லாம் தாளில் இருக்கும். அரை அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் ஒதுக்குவோம். கழுத்தில் குத்துகிற லேபிளை எடுத்துவிட்டு அதே எழுத்தைத் துணியிலேயே அச்சடிப்பது, தோள் தையல் உறுத்தாமல் இருக்க உள்ளே டேப் வைத்து அடிப்பது, ரோமம் எழும்பாமல் இருக்க என்சைமில் பயோவாஷ் கொடுப்பது. அக்கறை இல்லாமல் போட்டுக்கொண்ட மாதிரி ஒருவன் தெரிவதற்குப் பின்னால் இவ்வளவு பேரின் அக்கறை இருக்கிறது. சோம்பேறித்தனம் என்றால் எங்களுக்கு ஏன் ஒன்றரை ஷிஃப்ட்?

19 அக்டோபர், இரவு 10.05

துண்டு. மறைப்பதற்கு இல்லை என்றால், அது யாருக்கு?

2018-ல் ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டத்துத் தோகலபள்ளி என்ற கிராமத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூடி, காலை 7 மணியிலிருந்து மாலை 7 வரை பெண்கள் நைட்டியோடு வெளியே வரக் கூடாது என்று போட்டார்கள். மீறினால் 2,000 ரூபாய் அபராதம். காட்டிக் கொடுத்தால் 1,000 ரூபாய் சன்மானம். செய்தி வந்தபோது எல்லோரும் சிரித்தோம். இப்போது நினைத்தால் அந்த நேரக் கணக்குதான் உறைக்கிறது. இரவு ஏழு மணிக்கு மேல் அதே நைட்டி, அதே பெண், அதே தெரு, குற்றம் இல்லை. ஆக, அவர்கள் தடை போட்டது துணிக்கு இல்லை. பகலில் நாலு பேர் பார்க்கிற நேரத்தில் "நீ எங்களுக்காக ஒன்றும் செய்துகொள்ளாமல் வந்துவிட்டாய்" என்பதுதான் குறை.

அடுத்தது வேட்டி. 2014-ல் சேப்பாக்கத்தில் ஒரு கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டுக்கு வேட்டியில் போன உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. சட்டசபை வரைக்கும் போய், பொது இடங்களில் வேட்டிக்குத் தடை போடக் கூடாது என்று அந்த வருஷமே சட்டம் வந்தது. நல்லது. ஆனால் நீதிபதி கைலியில் போயிருந்தால்? கைலியும் இடுப்பில் சுற்றுகிற துணிதான், நீள அகலமும் ஒற்றை வேட்டிக்குக் கிட்டத்தட்ட வரும். ஒன்று வெள்ளை, கரை வைத்தது. இன்னொன்று கட்டம் போட்டது. வெள்ளைக்குச் சட்டம், கட்டத்துக்குத் திண்ணை.

2016 தொடக்கத்தில் கோயில்களுக்கு உடை விதி வந்தபோது கைலி, பெர்முடா, ஜீன்ஸ், லெகிங்ஸ் எல்லாம் ஒரே கூட்டில் வெளியே நின்றன. சில வாரத்தில் அந்த உத்தரவே நிறுத்தி வைக்கப்பட்டது. கைலியும் லெகிங்ஸும் ஒரே பக்கம் நின்றது அந்தச் சில வாரம்தான்.

21 அக்டோபர், மதியம் 3.30

கைலி என்றதும் அப்பா ஞாபகம். இது கொஞ்சம் நீளும், அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம்.

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டர். காக்கி பேண்ட், காக்கிச் சட்டை, தோளில் தோல் பை. இரவு வீட்டுக்கு வந்தால் தண்ணீர் கூடக் கேட்க மாட்டார், முதலில் கைலி. கொடியிலிருந்து உருவி, தலை வழியாக நுழைத்து, பல்லால் கடித்துக்கொண்டு, உள்ளே பேண்ட்டைக் கழற்றுவார். அந்த வித்தையை இப்போதைய பையன்கள் யாரும் கற்றுக்கொள்ளவில்லை. மூட்டிய கைலிதான் வாங்குவார், மூட்டாத கைலி காற்றில் மானத்தை வாங்கும் என்பார். கைலிக்கு மாறிவிட்டால் டூட்டி முடிந்தது. அதற்கப்புறம் யாரும் சில்லறை கேட்க முடியாது.

வீட்டில் எப்போதும் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருப்பார். தெருவில் பெரியவர் யாராவது எதிரே வந்தால் கை தானாகப் போய் மடிப்பை அவிழ்த்துவிடும். கைலி கணுக்காலுக்கு இறங்கும். அவர் தாண்டிப் போனதும் மறுபடி ஏறும். என் வாத்தியார் வந்தால் இறங்கும், பெரியப்பா வந்தால் இறங்கும். கடன் கொடுத்தவர் வந்தால் இன்னும் சீக்கிரம் இறங்கும்.

இதை எழுதும்போதுதான் பிடிபட்டது. அப்பா கைலியை இறக்கிவிடுவதும் அத்தை துண்டை எடுப்பதும் ஒரே காரியம். இரண்டும் வணக்கம். "உங்களைப் பார்த்தேன், உங்களுக்காக ஒன்று செய்தேன்" என்று சொல்கிற சைகை. கேள்வி கேட்டவருக்குப் பையனின் டி-ஷர்ட் மேல் உண்மையில் கோபம் இல்லை என்று தோன்றுகிறது. அந்த டி-ஷர்ட்டில் இறக்கிவிட ஒன்றும் இல்லை, எடுத்துப் போட ஒன்றும் இல்லை. பாட்டி வந்தாலும் நண்பன் வந்தாலும் ஒரே மாதிரி நிற்கிறான். உறுத்துவது அது.

கைலிக்கு வெளிநாட்டுக் கதையும் உண்டு. 1958-ல் அமெரிக்காவின் ப்ரூக்ஸ் பிரதர்ஸ், மெட்ராஸ் கட்டம் என்று நம் கைலித் துணியையேதான் வாங்கிக் கோடைச் சட்டையும் கோட்டும் தைத்து விற்றது. துணி அனுப்பியவர் சி.பி. கிருஷ்ணன் நாயர், பிற்பாடு லீலா ஹோட்டல்களைத் தொடங்கியவர். குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலச வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார்களாம், அந்தச் சேதி வாங்கியவர்கள் காதுவரை போகவில்லை. மெஷினில் போட்டார்கள், சாயம் ஒன்றோடொன்று கலந்து ஓடியது. வழக்குப் போடுகிற அளவுக்குப் போய், கடைசியில் விளம்பரக்காரர்கள் அதையே திருப்பினார்கள்: சாயம் போகும், உத்தரவாதம்! ஒவ்வொரு சலவையிலும் புது நிறம். கல்லூரிப் பையன்கள் அடித்துப் பிடித்து வாங்கினார்கள். எங்கள் கம்பெனியில் அப்படி ஒரு பீஸ் சாயம் விட்டிருந்தால் சரக்கு மொத்தமும் திரும்பி வந்திருக்கும், நாங்களும் வீட்டுக்குப் போயிருப்போம்.

லைக்ராவும் 1958, இதுவும் 1958. காரணம் ஏதும் இல்லை, சும்மா பொருந்துகிறது.

2018-ல் ஸாரா கடை கட்டம் போட்ட ஒரு பாவாடையை 70 பவுண்டுக்கு விற்றது. அச்சு அசல் கைலி. ரூபாயில் 6,000-க்கு மேல். அப்பா இருந்திருந்தால் தன் கொடியைப் பார்த்துக் கணக்குப் போட்டிருப்பார்.

21 அக்டோபர், இரவு 11.00

ஈரோட்டு நண்பர் திருத்துகிறார், சரிதான். "நம் கைலித் துணியையேதான்" என்று எழுதியது அதிகப்படி. கட்டத்தில் ஒரே குடும்பம், துணி ஒன்றேதான் என்று அடித்துச் சொல்லக் கூடாது. பழவேற்காட்டின் பெயரில் பாளையக்காட்டு லுங்கி என்று இன்னும் விற்கிறதே, அந்தக் கரைப் பக்கத்துக் கட்டத் துணிகளுக்குக் கடல் தாண்டிய வியாபாரம் ரொம்பப் பழசு. சித்தப்பா பெரியப்பா மக்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

24 அக்டோபர், இரவு 9.20

ஆபீஸ் உடை பற்றி யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன், ஒருவரும் எழுதவில்லை. எனக்கு ஆபீஸ் அனுபவம் கம்மி, சுருக்கமாக.

2019-ல் தமிழக அரசு ஊழியர்களுக்கு உத்தரவு வந்தது: பெண்களுக்குப் புடவை, அல்லது துப்பட்டாவோடு சுடிதார். ஆண்களுக்கு ஃபார்மல் பேண்ட் சட்டை, அல்லது வேட்டி. அந்த உத்தரவைக் காட்டித்தான் இந்த மாதம் துணை முதல்வர் உதயநிதி ஸ்டாலின் அரசு விழாவுக்கு டி-ஷர்ட் போடலாமா என்று உயர் நீதிமன்றத்தில் வழக்கு. அரசியல் பேசினால் இந்த விவாத இழை செத்துவிடும், நிறுத்திக்கொள்கிறேன். பனியன் துணி நீதிமன்றம் வரை போனதில் எங்கள் ஊருக்கு ஒரு பெருமை, அவ்வளவுதான்.

வெளிநாட்டில் இந்தச் சண்டையை முடித்ததே துணி வியாபாரிகள். ஹவாய்க்காரர்கள் 1960-களிலேயே வெள்ளிக்கிழமை பூப்போட்ட சட்டையோடு ஆபீஸுக்குப் போகத் தொடங்கினார்கள், அதற்குப் பின்னால் நின்றது அந்த ஊர்ச் சட்டைத் தொழில். 1992-ல் லீவைஸ் கம்பெனி, ஆபீஸுக்குச் சாதாரண உடை எப்படிப் போடலாம் என்று ஒரு சின்னக் கையேடு அடித்து அமெரிக்காவில் 25,000 கம்பெனி அதிகாரிகளுக்கு அனுப்பியது. படத்தில் இருந்தவை, வேறென்ன, அவர்கள் விற்கிற காக்கி பேண்ட்கள்தான்.

நமக்கு அந்த வேலையை 2020 மார்ச் செய்தது. என் வீட்டுக்காரர் கணக்குப் பிரிவு. லாக்டவுனில் தினமும் பத்து மணிக்கு வீடியோ மீட்டிங். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே கைலி. ஒரு நாள் குக்கர் விசில் அடங்காமல் அடிக்க, நிறுத்துவதற்காக எழுந்துவிட்டார். எட்டுப் பேர் பார்த்தார்கள். அடுத்த நாள் அவருடைய அதிகாரியே டி-ஷர்ட்டில் வந்து உட்கார்ந்தார் என்கிறார். மூன்றாவது வாரம் யாரும் காமிராவையே போடவில்லை.

27 அக்டோபர், காலை 7.45

21-ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். வணக்கம், சைகை என்று அழகாக எழுதிவிட்டேன். எழுதின கையோடு எனக்கே பிடித்துப்போனதால் ஒன்றைக் கவனிக்கவில்லை.

அப்பா கைலியை இறக்க அரை வினாடி. கை அசைவு, முடிந்தது. அத்தை துண்டு தேட வீடு முழுக்கச் சுற்ற வேண்டும். அதற்குள் கூரியர்காரர் போய்விடுவார். அப்பா இறக்க மறந்தால் "கவனிக்கலை போல" என்பார்கள். அத்தை துண்டு மறந்தால் என்ன என்பார்கள் என்று அவருக்குத் தெரியும், அதனால்தான் பூனைக்கும் எடுக்கிறார். இரண்டையும் ஒரே தட்டில் வைத்தது என் தப்பு.

இன்னொன்று. நேற்று சாலையோரம் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் எல்லோரும் புடவை மேல் ஆண்பிள்ளைச் சட்டை. வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, தோள் தையல் பாதிக் கைக்கு இறங்கி, நீளம் தொடை வரை, தலையில் துண்டு. ஸ்கூட்டரை நிறுத்திப் பார்த்தேன். என் செக்கிங் மேஜையில் வந்திருந்தால் ட்ராப் ஷோல்டர், ஓவர்சைஸ், பாஸ் என்று போட்டிருப்பேன்.

சித்தாள் வேலைக்கும் அதே சட்டைதான், காட்டு வேலைக்கும் அதே சட்டைதான். வெயிலுக்கு, சுனைக்கு, சிமெண்டுக்கு, முந்தானை நழுவாமல் இருப்பதற்கு. அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள், டீக்கடையில் நிற்கிறார்கள், துண்டு எங்கே என்று கேட்பவர் இல்லை. வேலைக்குப் போட்ட துணி என்று எல்லோருக்கும் தெரியும். நைட்டி போட்ட பெண்ணும் காலை ஐந்தரையிலிருந்து வேலையில்தான் இருக்கிறாள். ஆனால் வீட்டு வேலைக்குப் போட்ட துணியைப் பார்த்தால் தூங்கி எழுந்த துணி என்கிறார்கள். பெயரிலேயே இரவை ஒட்டி வைத்துவிட்டார்கள்.

கம்பெனியில் செக்கிங் பெண்கள் நாங்களும் சுடிதார் மேல் கம்பெனிச் சட்டை போட்டுத்தான் நின்றோம், பஞ்சுத் தூசிக்காக. கையில் இருந்ததெல்லாம் உலகத்துக்கான சௌகரிய உடை, போட்டிருந்தது காலர் வைத்த விறைப்பான பாலியெஸ்டர். 11 வருஷத்தில் இது ஒரு நாள் கூட வேடிக்கையாகத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

29 அக்டோபர், இரவு 11.50

தீபாவளி ஆர்டர், மூச்சு விட நேரம் இல்லை. கேட்டவர்களுக்கு அவசரமாக:

டி-ஷர்ட் வாங்கும்போது இரண்டு பக்கத் தையலும் கீழே நேராக வருகிறதா பாருங்கள். முறுக்கிக்கொண்டு முன்னால் வந்தால் அடுத்த சலவையில் தொப்புளுக்கு வந்துவிடும். கழுத்து ரிப்பை இழுத்து விடுங்கள், உடனே திரும்பாவிட்டால் வைத்துவிடுங்கள். அடர்ந்த சிவப்பு, கறுப்பு என்றால் நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்துப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். நைட்டிக்கு நடக்கிற சுற்றளவு முக்கியம். கீழே குறுகலாக இருந்தால் மாடிப்படியில் தடுக்கும், அத்தைக்கு நடந்ததுபோல இன்னொரு மணிக்கட்டு வேண்டாம்.

3 நவம்பர், மாலை 6.20

தீபாவளி முடிந்தது, கால் நீட்டி உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் அத்தை மெஷின் பக்கத்தில் வந்து நின்றார். "உம் புருசன் ட்ராக் பேண்ட்டுக்கு மூணு பாக்கெட்டு. எனக்கு ஒண்ணு வெக்க மாட்டியா அம்மணி?" என்றார்.

எட்டு வருஷமாக நான் யோசிக்கவே இல்லை. புடவையில் பாக்கெட் இல்லை, ஆனால் இடுப்பே பாக்கெட். சுருக்குப் பையைச் சொருகிக்கொள்வார், சில்லறையை முந்தானையில் முடிவார், சாவிக்கொத்து இடுப்பில் தொங்கும். நைட்டிக்கு மாறிய அன்று இதெல்லாம் போய்விட்டது. போனைக் கையில் வைத்துக்கொண்டே அலைகிறார், அப்புறம் அரிசி டப்பா மேல் வைத்துவிட்டு என்னைக் கூப்பிடச் சொல்லித் தேடுகிறார். எங்கேயும் கட்டாததுதான் நைட்டியின் சுகம் என்று எழுதினேன். கட்டுகிற இடம் இல்லாவிட்டால் சொருகுகிற இடமும் இல்லை என்பது தைக்கிற எனக்குத் தோன்றவில்லை.

வலது பக்கத் தையலிலேயே ஏழு அங்குலம் வாய் விட்டு உள்பாக்கெட் வைத்தேன். பிரிண்ட் வெட்டுப்படாது, வெளியே தெரியாது. ஒரு பீஸுக்குக் கால் மீட்டர் கூடத் துணி, பத்து நிமிஷம் கூட வேலை. தீபாவளி அன்று போட்டுக்கொண்டார். பாக்கெட்டுக்குள் என்ன வைத்திருக்கிறார் என்று எட்டிப் பார்த்தால், போன், சாவி, அப்புறம் சுருக்குப் பை. பாக்கெட்டுக்குள் பை. சில்லறை அதற்குள்தான் இருக்க வேண்டுமாம்.

அன்றைக்குத் தெருவில் மூன்று பேர் பாக்கெட் நைட்டி கேட்டார்கள். எல்லோரும் ஐம்பது தாண்டியவர்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி வந்து, அதையே முழங்காலுக்குக் கீழே நாலு விரல் வெட்டி, கழுத்தை மாற்றித் தரச் சொன்னாள். கல்லூரிக்கே போட்டுக்கொண்டு போவாளாம். அதற்கு வேறு பெயர் சொன்னாள், நைட்டி என்று சொல்லிவிடாதீர்கள் என்றும் சொன்னாள். விலையை 80 ரூபாய் கூட்டிச் சொன்னேன், பேசாமல் கொடுத்துவிட்டாள்.

இன்று காலை பெல் அடித்தது. அத்தை வலது கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு கதவுப் பக்கம் போனார். பாதி வழியில் நின்றார், திரும்பினார். கொடியிலிருந்து துண்டை எடுத்து இடது தோளில் போட்டுக்கொண்டு போய்த் திறந்தார். கீரைக்கார அம்மாதான்.

கேள்வி கேட்டவருக்கு: பையனின் டி-ஷர்ட்டை மாற்றக் கடைக்குப் போகப் போவதாக நேற்று எழுதியிருந்தீர்கள். தோள் தையல் இரண்டு பக்கமும் ஒரே அளவு இறங்கியிருக்கிறதா என்று முதலில் டேப் வைத்துப் பாருங்கள். ஒரே அளவு என்றால் கடைக்காரர் உங்களைப் பார்த்துச் சிரிப்பார். ஒரு பக்கம் அரை அங்குலம் அதிகம் என்றால் சொல்லுங்கள், எந்த டேபிளில் தைத்திருப்பார்கள் என்று என்னால் ஓரளவு சொல்ல முடியும்.